ஏர்பேக் மேல் ஒட்டிய பிள்ளையார்

1. போன் அடித்த திங்கட்கிழமை

பழுதான வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைக்கும் ரீகால் செய்தி எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே வாடிக்கையாளர்கள் கைக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போய் நான் தோள்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. ரிசப்ஷனில் இருந்த போன்கள் எல்லாம் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. டிவியில் கீழே ஓடிய எழுத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பெனியின் மெயில் எங்களுக்கு வந்தது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. தான் விற்ற வண்டியில் ஆபத்து இருக்கிறது என்பதை, அதைக் கையில் வைத்துச் சரிசெய்ய வேண்டியவர்களுக்குக் கடைசியில் சொன்ன கம்பெனி அது. அன்றைக்கு ஆரம்பித்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ரிட்டயர் ஆகி அம்மாபேட்டை வீட்டில் உட்கார்ந்து இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு பெரிய கார் டீலரிடம் வாரண்டி சீட்டில் இருந்தேன். ஷோரூம் ஃபேர்லேண்ட்ஸில், கண்ணாடியும் ஏ.சி.யுமாகப் பளபளவென்று இருக்கும். சர்வீஸ் சென்டர் கொண்டலாம்பட்டி பைபாஸில், தகரக் கூரைக்குக் கீழே வேகும். வண்டியில் கம்பெனி கொடுத்த பாகம் கெட்டுப்போனால் அதைப் போட்டோ எடுத்து, காரணம் எழுதி, கம்பெனிக்கு கிளைம் அனுப்ப வேண்டும். அப்ரூவ் ஆனால் வாடிக்கையாளருக்கு இலவசம். ரிஜெக்ட் ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவளும் நான்தான். சென்னையில் உட்கார்ந்து ஒருவர் பட்டனை அழுத்துவார். அதற்குத் திட்டு வாங்குவது கொண்டலாம்பட்டியில்.

அந்த ரீகால் முன்பக்க இடது சீட்டின் ஏர்பேக் பற்றியது. வண்டி மோதினால் ஏர்பேக்கை ஊதி விரிப்பதற்கு டேஷ்போர்டுக்குள் இன்ஃப்ளேட்டர் என்று ஓர் இரும்பு டப்பா இருக்கும். குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் அந்த டப்பா அளவுக்கு மீறி வெடித்து, இரும்புத் துண்டுகள் எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் தெறிக்கலாம். உயிரைக் காப்பாற்ற வைத்த சாமானே உயிரை எடுக்கலாம் என்று அர்த்தம். மெயிலில் இவ்வளவு பச்சையாக எழுதவில்லை, ‘இயல்புக்கு மாறான விரிவு’ என்று பூசி மெழுகியிருந்தார்கள். ஆனால் கடைசி வரியில் மட்டும் உண்மை இருந்தது. பாகத்தை மாற்றும் வரை முன்பக்க இடது சீட்டில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம் என்று போட்டிருந்தது.

2. டெலிவரி பூஜை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் புது வண்டியை யாரும் சும்மா ஓட்டிக்கொண்டு போக மாட்டார்கள். நல்ல நேரம் பார்த்து, குடும்பத்தோடு வந்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பிறகுதான் வண்டி கேட்டைத் தாண்டும். முகூர்த்த நாளில் ஷோரூம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். எங்கள் சேல்ஸ் மேனேஜர் பிரபு இதை ஒரு வியாபார உத்தியாகவே ஆக்கிவிட்டார். பூஜை முடிந்ததும் ஷோரூம் செலவில் ஒரு பித்தளைப் பிள்ளையார். பீடத்தில் எங்கள் ஷோரூம் பெயரும் சர்வீஸ் நம்பரும். அதை வண்டிக்குள் ஒட்டிவிட்டு, குடும்பத்தைச் சுற்றி நிற்க வைத்து போட்டோ எடுப்பார்கள்.

எங்கே ஒட்டினார்கள் என்பதுதான் விஷயம். நடுவில் ஏ.சி. காற்று வரும் இடம், மேடு பள்ளமாக இருக்கும். டிரைவர் பக்கம் ஒட்டினால் பார்வையை மறைக்கும். இடது பக்கம் தட்டையாக, வழவழப்பாக, யாரோ பிள்ளையாருக்கென்றே செய்து வைத்த மேடை போல ஓர் இடம் இருக்கும். அந்த இடம்தான் ஏர்பேக்கின் மூடி. மோதினால் அது கிழிந்து திறக்க வேண்டும். அதில் ‘ஏர்பேக்’ என்று அச்சே குத்தியிருக்கும். அந்த எழுத்தின் மேலேயே பிள்ளையாரை வைத்து, கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பசையால் ஒட்டினார்கள். விபத்தில் ஏர்பேக் திறந்தால் பித்தளைச் சிலை எங்கே பறந்து யார் நெற்றியில் விழும் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை.

நான் சர்வீஸ் சென்டரில் இதைப் பார்த்துவிட்டு பிரபுவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“மேடம், சாமி காரியத்துல போயி டெக்னிக்கல் பேசறீங்களே” என்றார். “கஸ்டமர் முகத்துல சந்தோசத்தப் பாருங்க. அதுக்கப்புறம் பேசுங்க.”

சந்தோஷத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு முதலாளியிடமும் சொன்னேன். அவர் “பாத்துக்கலாம்மா” என்றார். எங்கள் முதலாளி பாத்துக்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று பொருள்.

3. ராசிபுரத்து வண்டி

ரீகால் வந்த வாரமே மேகலா வந்தார். ராசிபுரத்தில் சேலை வியாபாரம் செய்யும் குடும்பம். முன்பு வீட்டோடு தறி, இப்போது கடைகளுக்கு மொத்தமாக அனுப்புகிறார்கள். மேகலாவுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போய்விடுவார். வண்டி ஓட்டுவது, கணக்குப் பார்ப்பது, அப்பாவைப் பார்த்துக்கொள்வது எல்லாம் இவர்தான். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேலத்துக்கு அழைத்து வந்து டயாலிசிஸ் செய்ய வேண்டும். அதோடு ஒரு பழைய விபத்தில் வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள், முட்டி மடங்காது.

“மேடம், பின்னாடி சீட்டுல அவரு உக்காரவே முடியாதுங்க. காலு நீட்டியே இருக்குமுங்க. முன்னாடி சீட்ட முச்சூடும் பின்னாடி தள்ளித்தான் உக்கார வெக்கோணும். இந்த வண்டிய வாங்குனதே அந்த சீட்டுக்காகத்தானுங்க. உங்க ஷோரூம்காரங்கதான், இந்த வண்டியிலதான் சீட்டு இவ்வளவு தூரம் போகும்னு காட்டி வித்தாங்க. இப்ப அந்த சீட்டுலயே உக்கார வேண்டாம்ங்கறீங்க. நான் அவர எங்கீங்க வெச்சுக் கூட்டிட்டு வாரது?”

நான் என்ன சொல்வது? “பார்ட் வந்துடுச்சும்மா. இன்னைக்கே மாத்திடலாம்” என்று சொன்னேன். உண்மையாகவே முதல் பெட்டியில் கொஞ்சம் இன்ஃப்ளேட்டர்கள் வந்திருந்தன. வண்டியை உள்ளே விட்டோம். அவருடைய அப்பா வெயிட்டிங் ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். மெலிந்த மனிதர். நான் பக்கத்தில் போனதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நம்முளால புள்ளைக்குத்தான் செரமம் சாமி” என்றார் என்னிடம்.

வேலை ஆரம்பிக்கும் முன் டேஷ்போர்டைப் போட்டோ எடுத்து கம்பெனியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. ஏற்றினேன். போட்டோவில் பிள்ளையார் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. ‘கஸ்டமர் மாடிஃபிகேஷன். ஏர்பேக் மூடியில் அந்நியப் பொருள் ஒட்டப்பட்டுள்ளது. ரீகாலுக்குத் தகுதியில்லை. வாடிக்கையாளர் தன் செலவில் டேஷ்போர்டை மாற்றிய பின் மீண்டும் விண்ணப்பிக்கவும்.’

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் பாதி சரி. பசை ஊறிய மூடி சரியாகத் திறக்காது, அதன் கீழே புது ஏர்பேக் வைப்பதில் அர்த்தமில்லை. மூடி தனியாக வராது, டேஷ்போர்டோடு சேர்ந்ததுதான். அதெல்லாம் நியாயம். ஆனால் வாடிக்கையாளர் செய்தாராம். பீடத்தில் எங்கள் ஷோரூம் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, அந்தப் போட்டோவிலேயே தெரிகிறது. பழியைத் தூக்கி ஒரு நோயாளியின் மகள் தலையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

மேகலாவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. “நாங்க எதையுமே ஒட்டலீங்களே மேடம்” என்று மட்டும் சொன்னார். பிறகு அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் அதே முன் சீட்டில் உட்கார வைத்தார். வேறு வழி இல்லை. டயாலிசிஸுக்கு நேரமாகிவிட்டது. பெரியவர் தலையணை ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறார், இரும்பு தெறித்தால் தடுக்கும் என்று. பஞ்சுத் தலையணை. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

4. குரூப்பில் நடந்த விவாதம்

இந்த மாடல் வண்டி வைத்திருப்பவர்கள் சேலம், நாமக்கல் பக்கம் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். சந்தேகம் கேட்பதற்காக என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள். வழக்கமாக மைலேஜ், டயர், பிறந்தநாள் வாழ்த்து என்று ஓடும். அந்த வாரம் அடுப்பில் வைத்த எண்ணெய் போல இருந்தது. பிள்ளையார் ஒட்டிய அத்தனை வண்டிக்கும் ஒரே பதில் வந்திருந்தது.

சிலையைப் பிடுங்கிவிட்டுப் போகலாம் என்றார் ஒருவர். பூஜை போட்டு வைத்த பிள்ளையாரை எப்படிப் பிடுங்குவது என்றார் இன்னொருவர். தேய்பிறையில் எடுக்கலாமா, அமாவாசை கழித்து எடுக்கலாமா என்று ஒரு தனி விவாதம் நடந்தது. மேட்டூரிலிருந்து ஒருவர், அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர், குரலில் பேசி அனுப்பினார்: “எடுக்கறதா இருந்தா ஒட்டுனவங்களே வந்து எடுக்கட்டும். எடுத்துட்டு அவங்களே டேஷ்போர்டு மாத்திக் குடுக்கட்டும். இதுல நமக்கு என்ன வேலை?” அதற்கு எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள்.

நாமக்கல் முத்துசாமி மட்டும் பொறுமையாக இருக்கவில்லை. அவர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், அதற்கு முன் லாரி ஓட்டியவர். நாமக்கல்காரர்களுக்கு எந்த வண்டிக்கு எந்த நோய் வந்தாலும் மருந்து ஒன்றுதான், லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. அங்கே இரும்பை வளைப்பார்கள், மரத்தை இழைப்பார்கள், கேட்டால் ஆகாய விமானத்துக்கும் தொட்டி கட்டித் தருவார்கள். இவர் காரை நேராக அங்கே விட்டுவிட்டார்.

மறுநாள் வண்டியோடு என் முன்னால் வந்து நின்றார். முகம் நிறையப் பெருமை.

“ஏனுங்க மேடம், பாருங்க. புள்ளையாரக் காணமுங்களா? அஞ்சு நிமிசத்துல எடுத்துப்போட்டான். இப்ப ரிஜெக்ட் பண்ணச் சொல்லுங்க பாக்கலாம்.”

பார்த்தேன். பட்டறையில் பெயின்ட் உரிக்கும் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியால் பசையை உருக்கி, தகடு வைத்துச் சுரண்டியிருக்கிறார்கள். மூடி உருகி நெளிந்து, ஒரு மூலையில் விரிசல். விரிசல் தெரியாமல் இருக்க லாரி முகப்பில் ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கரைப் போட்டு மூடியிருக்கிறார்கள். ஸ்டிக்கரில் வெள்ளிக் கோடு வேறு.

“முத்துசாமி அண்ணா, இதுக்கு அடியில வெடிக்கிற டப்பா இருக்கு. அதுக்கு நேரா மேல நெருப்புக் காத்து அடிச்சிருக்காங்க. அங்க யாருக்காவது ஏதாவது ஆயிருந்தா?”

அவர் முகம் மாறிவிட்டது. “பட்டறப் பையன் குனிஞ்சு நின்னு சுரண்டுனானுங்க” என்றார் மெதுவாக. பிறகு அங்கேயே நின்று கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டினார். நான் தடுக்கவில்லை. அவர் செய்தது தப்புதான். ஆனால் தன் வண்டிக்குத் தானே வைத்தியம் பார்க்க வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியது யார்?

5. முதலாளி அறை

அடுத்த நாள் முதலாளி என்னை ஃபேர்லேண்ட்ஸுக்கு வரச் சொன்னார். பிரபுவும் இருந்தார். மேஜையில் ஒரு தாள். ‘வாகனத்தில் உள்ள சிலை என் சொந்த விருப்பத்தின் பேரில் என்னால் பொருத்தப்பட்டது’ என்று அச்சடித்து, கீழே வாடிக்கையாளர் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள்.

“ஏம்மா விஜயா, வண்டி உள்ள வர்றப்பவே இதுல கையெழுத்து வாங்கிடு” என்றார் முதலாளி. “வாங்கிட்டா டேஷ்போர்டுல கொஞ்சம் டிஸ்கவுன்ட் குடுத்து முடிச்சுக்கலாம்.”

“சார், ஒட்டுனது நாமதானே?”

“யாரு இல்லைன்னா? அதை எழுத்துல ஒத்துக்கிட்டா அத்தனை டேஷ்போர்டும் நம்ம தலையில விழும். கம்பெனி ஒத்தப் பைசா தராது. டீலர்ஷிப்புக்கே வில்லங்கம் ஆயிடும். உனக்கு அது தெரியாதா?”

பிரபு இடையில் புகுந்தார். “பிள்ளையார யாராச்சும் வேண்டாம்னாங்களா மேடம்? எல்லாரும் கும்பிட்டுத்தானே வாங்கிட்டுப் போனாங்க. அப்ப அது அவங்க விருப்பம்தானே?”

நான் விடவில்லை. “பிரபு, கும்பிட்டது அவங்க விருப்பம். ஏர்பேக் மேல பசை தடவுனது உங்க விருப்பம். ராசிபுரத்துலருந்து ஒரு பெரியவர் நெஞ்சுல தலகாணி வெச்சுக்கிட்டு அந்த சீட்டுல வர்றாரு. அவர் மககிட்ட போயி, நீங்கதான் ஒட்டுனீங்கன்னு கையெழுத்துப் போடுங்கன்னு நான் கேக்கணுமா? அந்த வேலைக்கு வேற ஆளைப் பாருங்க சார்.”

என்னை விட்டால் கிளைம் வேலை தெரிந்த வேறு ஆள் முதலாளியிடம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அந்தத் தாளைத் தொடாமலே எழுந்து வந்தேன். என் சம்பளத்தில்தான் அப்போது வீடு ஓடியது. பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

6. கம்பெனி ஆள் வந்தார்

குரூப்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை எல்லோரும் வண்டியோடு சர்வீஸ் சென்டருக்கு வந்துவிட்டார்கள். லாரித் தொழிலில் ஊறிய ஊர்க்காரர்களுக்கு வண்டியை நிறுத்தியே எதிராளியைப் பேச வைக்கத் தெரியும். கேட்டிலிருந்து வாட்டர் வாஷ் வரை வண்டி. மற்ற வேலை எதுவும் நகரவில்லை. சத்தம் போடவில்லை, கல் எறியவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு டீ வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி அலறியடித்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டார். அன்றைக்குப் பக்கத்து மாவட்டத்தில் வேலையாக இருந்த ஏரியா வாரண்டி மேனேஜர் ஆனந்த் மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தார். என் கிளைம்களை ரிஜெக்ட் செய்தவர் அவர்தான். முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை, மரியாதையான பேச்சு.

வெயிட்டிங் ஹாலில் கூட்டம். ஆனந்த் லேப்டாப்பைத் திறந்து படம் காட்டினார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நயமான பதில் இருந்தது.

“ஒட்டுனது யாருன்னு கம்பெனிக்குத் தெரியாதுங்க. டெலிவரிக்கு அப்புறம் நடந்ததுக்கு கம்பெனி பொறுப்பு இல்லை.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார், வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே சொன்னார். நான் எழுந்து நின்றேன்.

“ஒட்டுனது எங்க ஷோரூம் சார். டெலிவரி பூஜை அன்னைக்கு. ஒவ்வொரு வண்டிக்கும்.”

முதலாளி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஆனந்த் அதற்கும் அசரவில்லை.

“அப்படின்னா அது டீலருக்கும் கஸ்டமருக்கும் உள்ள விஷயம் மேடம்” என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “நீங்க யாரும் பயப்படவே வேண்டாம். இது ரொம்ப ரேரா நடக்கிறது. முன் சீட்டுல உக்காராதீங்கன்னு போட்டது லீகலுக்காக. நடைமுறையில எந்த ஆபத்தும் இல்லை. தைரியமா ஓட்டுங்க” என்றார்.

மேகலா பின்வரிசையில் இருந்தார். அப்பாவை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குப் படுக்க வைத்துவிட்டு இடையில் வந்திருந்தார்.

“அப்ப எங்கப்பா முன்னாடி உக்காரலாமுங்களா சார்?” என்று கேட்டார்.

“தாராளமா உக்காரலாம்மா. எங்க அப்பாவா இருந்தாலும் நான் உக்கார வைப்பேன்.”

அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. டேஷ்போர்டு விலையில் டிஸ்கவுன்ட் தரலாம், மேலிடத்தில் பேசுகிறேன் என்று இழுத்துக்கொண்டே வந்து கூட்டத்தை முடித்துவிட்டார். அவருக்கு சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும். எங்கள் வண்டி ஒன்றும் வெளியே போக வழியில்லை, எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நின்றது மேகலாவின் வண்டி மட்டும்தான்.

“நான் ஆஸ்பத்திரிக்குத்தானுங்க போறேன். ஜங்ஷன் வழிதான். ஏறுங்க சார், விட்டுட்டுப் போறேன்” என்றார் மேகலா. அதில் எந்தத் தந்திரமும் இல்லை. வீட்டுக்கு வந்தவரைப் பஸ் ஏற்றிவிடும் எங்கள் பக்கத்துப் பழக்கம், அவ்வளவுதான்.

எல்லோரும் வழியனுப்ப வெளியே வந்தோம். சண்டை போட்டாலும் வழியனுப்புவது வழியனுப்புவதுதான். மேகலா டிரைவர் சீட்டில் ஏறி, உள்ளிருந்து கையை நீட்டி இடது பக்க முன் கதவைத் திறந்துவிட்டார். ஆனந்த் பையோடு வந்தார். திறந்திருந்த கதவைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். முன் கதவைச் சாத்திவிட்டு, பின் கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

“ஏனுங்க சார், முன்னாடியே உக்காருங்க” என்றார் முத்துசாமி.

“பரவால்லங்க. பின்னாடி கொஞ்சம் காலை நீட்டி உக்காந்துக்கிறேன்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. அங்கே நின்ற அத்தனை பேரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேகலா இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“சார், எங்கப்பாவும் காலு நீட்டித்தான் உக்காரோணும். பின்னாடி நீட்ட முடியாதுங்க. அதுக்குத்தான் முன்னாடி உக்கார்றாரு. ஜங்ஷன் வரைக்கும் கூட நீங்க உக்கார மாட்டேங்கறீங்க. அவரு ராசிபுரத்துலருந்து வாராருங்க.”

ஆனந்த் அந்தக் கைப்பிடியை விட்டார். யாரும் சிரிக்கவில்லை, ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, “மேடம், உங்க சிஸ்டத்தைத் திறங்க” என்றார்.

அன்றைக்கு அவர் ரயிலைப் பிடிக்கவில்லை. என் மேஜையில் உட்கார்ந்து, சென்னைக்குப் போன் மேல் போன் போட்டு, பிள்ளையார் ஒட்டிய ஒவ்வொரு வண்டியின் கிளைமையும் திறந்து அப்ரூவ் செய்தார். முத்துசாமியின் வண்டியையும் சேர்த்து. டேஷ்போர்டு செலவைக் கம்பெனியும் முதலாளியும் பாதிப் பாதி ஏற்பதென்று முடிவானது. டேஷ்போர்டு வந்து சேரும் வரை மேகலாவுக்கு ஷோரூமின் டெமோ வண்டியைக் கொடுக்க வைத்தேன். அதே மாடல், அதே சீட், பழுதில்லாத ஏர்பேக். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் ரிட்டயர் ஆகும் வரை என்னோடு அவர் மனம் விட்டுப் பேசியதில்லை. எனக்கும் அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

7. குட்வில்

கடைசியாக ஒன்று. அப்ரூவல் வந்தபோது காரணம் என்ற இடத்தில் ‘குட்வில்’ என்று போட்டிருந்தது. எங்கள் தொழிலில் அதற்கு அர்த்தம், தகுதி இல்லை, ஆனாலும் கம்பெனி பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது. இதை நினைத்தால்தான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம் வருகிறது. தப்பான டப்பாவைச் செய்தவர்கள் அவர்கள். அதன் மேல் பசை தடவியவர்கள் நாங்கள். கிழவரை அந்த சீட்டில் உட்காரச் சொன்னவர்களும் அவர்களே. கடைசியில் தயவு செய்தவர்களும் அவர்களாம். நான் காரணத்தை மாற்றச் சொல்லி எழுதினேன். பதில் வரவில்லை. இன்னொரு முறை எழுதினேன். அதற்கும் வரவில்லை. அந்தப் பதிவு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கும்.

ஆனந்த்தை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். போட்டோவைப் பார்த்து வேலை செய்து பழகியவர். போட்டோவில் டேஷ்போர்டு தெரியும், எதிரே உட்காருகிற ஆள் தெரிய மாட்டார். அவர் கை அந்தப் பின் கதவுக்குப் போனபோதுதான் அந்த ஆள் அவருக்குத் தெரிந்தார்.

வாரண்டி சீட்டில் புதிதாக வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ‘கஸ்டமர் மாடிஃபிகேஷன்’ என்று தட்டச்சு செய்வதற்கு முன்னால் நாற்காலியை விட்டு எழுந்து போங்கள். வண்டியின் கதவைத் திறந்து, எந்த சீட்டைப் பற்றி எழுதப் போகிறீர்களோ அந்த சீட்டில் ஏறி உட்காருங்கள். பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். யாரையாவது பைபாஸில் ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு அங்கே உட்காரத் தைரியம் வரவில்லை என்றால், எழுத வேண்டியது வேறு.